வினாக்குறிக்கு எத்தனை எழுத்து?

(திருவண்ணாமலையில் தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று யான் யாப்பைப் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டுள்ளனர். யாப்பும் வரும். ஆயின், முதற்கண் ஓர் இழப்பைச் சொல்லியாக வேண்டும். அவ்விழப்புக்குக் கரணியமாய் நின்றவன் யானே.

செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் உழவரும் கைவினைஞரும் வழங்கும் சொற்களை யானும் மாணவரும் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். தொடக்கத்தில் தாட்சீட்டுகளில் எழுதினோம். பின்னர் மாணவரே கணிப்பொறியில் நேரே பொறிக்கத் தொடங்கினர். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. அச்சொல்லே கோப்பின் பெயர். உள்ளே பொருள், சொன்னவர் ஊர், அகவை, அவர் சொன்ன சொற்றொடர். பழைய வன்தட்டு கிறீச்சிடத் தொடங்கியபோது எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற முடிவு செய்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் பாடநூலிற் கற்ற பைத்தான் மொழியில் நாலைந்து வரியில் ஒரு நிரல் எழுதினான். எந்தெந்தப் பெயருடைய கோப்புகளை எடுப்பது என்று என்னைக் கேட்டான். யான் சொன்னேன்: "உயிர்முதற் சொற்களுக்கு அ முதல் ஔ வரை, மெய்ம்முதற் சொற்களுக்குக் க முதல் ன வரை." அவன் அவ்வாறே [அ-ஔ]* என்றும், [க-ன]* என்றும் இட்டான். "ஐயா, ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடட்டுமா?" என்றும் கேட்டான். "நெடுங்கணக்கில் உனக்கென்ன ஐயம்?" என்று யான் அவனை அடக்கிவிட்டேன். பழைய வன்தட்டைத் துடைத்து வேறு பணிக்குக் கொடுத்தாயிற்று.

சில திங்கள் கழித்து, உழுத சேற்றைச் சமன்செய்யும் பலகையாகிய 'பரம்பு' என்னும் சொல்லைத் தேடினேன், இல்லை. மடை இல்லை, மதகு இல்லை, முறம் இல்லை, வரப்பு இல்லை, வைக்கோல் இல்லை. பகரமும் மகரமும் யகரமும் வகரமும் முதலாக நின்ற சொற்கள் யாவும் போயிருந்தன. ககர முதற்சொற்கள் நலமாக இருந்தன. சகரம், ஞகரம், தகரம், நகரம் நலமாக இருந்தன. பாதி நெடுங்கணக்கை யாரோ அறுத்துக்கொண்டு போனாற்போல் இருந்தது.

எப்படிப் போயின என்பதைச் சொல்லுமுன், அந்த உடுக்குறியும் பகர அடைப்பும் என்னவென்று இங்குள்ள முதியோர்க்கு விளக்க வேண்டும். இளைஞர் பொறுத்தருள்க.

கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி அழைத்துக்கொண்டிருக்க இயலாது. 'இன்ன அமைப்பில் பெயருடையவையெல்லாம் வருக' என்று சொல்லும் வழி ஒன்று வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்சு இயங்குமுறையில் அதற்கென்றே ஒரு சிறு நிரல் இருந்தது. 1971-ஆம் ஆண்டின் முதற் கையேட்டிலேயே அஃது இடம்பெற்றுள்ளது. அதற்கு 'குளோப்' என்று பெயர். 'குளோபல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பாதி. இன்று பைத்தானிலும் அதே பெயரில் அதே வேலையைச் செய்யும் கூறு உண்டு. குறிகள் மூன்றே. உடுக்குறி எத்தனை எழுத்துக்கும் நிற்கும். எழுத்தே இல்லாவிடினும் நிற்கும். வினாக்குறி ஓரெழுத்துக்கு மட்டும் நிற்கும். பகர அடைப்பு, தன்னுள் அடைத்த எழுத்துகளில் ஏதேனும் ஒன்றுக்கு நிற்கும். நடுவே சிறுகோடு இட்டால் 'இது முதல் அது வரை' என்று பொருள். [க-ன]* என்றால், முதலெழுத்து க முதல் ன வரையுள்ளவற்றுள் ஒன்று, பின்னர் எதுவும் வரலாம் என்பது கருத்து.

இக்குறிகளை ஆங்கிலத்தில் 'வைல்டு கார்டு' என்பர். சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டுக்கும் மாற்றாக நிற்கும் சீட்டின் பெயர் அது. நமக்குச் சீட்டுக்கட்டு வேண்டா. 'பொதுக்குறி' என்போம். அக்குறிகளாலாகிய அமைப்புக்கு யான் புதுச்சொல் எதுவும் ஆக்கப் போவதில்லை. யாப்பிலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் வாய்பாடு.

தேமா என்று புலவன் சொன்னால் அவன் மாமரத்தைச் சொல்லவில்லை. நேரசை இரண்டு அடுத்தடுத்து நிற்கும் எந்தச் சீரும் தேமா. வள்ளியும் தேமா, அன்னையும் தேமா. முருகன் புளிமா. நம் அண்ணாமலை தேமாங்கனி. ஒரு வெற்றுச் சட்டத்தை முன்னே வைத்து, அதில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்கும் அறிவு பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்ததன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்று முழங்குவதற்காக அன்று. அத்தகைய முழக்கத்தால் ஒரு கோப்பும் திரும்பி வாராது. வாய்பாட்டறிவு உடையவர்க்கு இதைக் கற்பிப்பது எளிது என்பதே என் கருத்து. யான் வகுப்பில் அவ்வாறே கற்பிக்கிறேன்.

இனி, ஓரெழுத்துப் பொதுக்குறியாகிய வினாக்குறியை எடுத்துக்கொள்வோம். இழப்பு நேர்ந்தபின் யானும் அம்மாணவனும் ஒரு தேர்வு செய்து பார்த்தோம். நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று வரையறுத்தார். நாற்பதும் நெடில், நொ, து என்னும் இரண்டும் குறில். அந்த 42 சொற்களையும் பெயராக வைத்து 42 வெற்றுக் கோப்புகளை ஆக்கினோம். பின்னர், ஒற்றை வினாக்குறி இட்டு, 'ஓரெழுத்துப் பெயர்களெல்லாம் வருக' என்றோம்.

ஆறு வந்தன.

ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ. அவ்வளவே. எஞ்சிய 36-உம் வரவில்லை. இரண்டு வினாக்குறி இட்டோம். அப்போதுதான் மா, தீ, பூ, கை, நா, வா, து எல்லாம் வந்து நின்றன. அப்பொறிக்கு 'தீ' ஈரெழுத்துச் சொல்! தகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டு. ஒருங்குறியில் உயிர்மெய்க்கெனத் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓரிடம்; கால், கொம்பு, விலங்கு முதலிய குறிகளுக்கு ஒவ்வோரிடம்; புள்ளிக்கு ஓரிடம். பைத்தான் எண்ணுவது இடங்களை. நாம் எண்ணுவது எழுத்துகளை.

முழுநிலா நாளில் வேலூரிலிருந்து நம்மூர் வரும் பேருந்தில், மடியில் குழந்தையோடு அமர்ந்த தாய்க்கு ஓரிருக்கை. நடத்துநர் அப்படித்தான் எண்ணுவார். இந்தப் பொறியோ குழந்தைக்கும் ஓரிருக்கை எழுதுகிறது. மெய்யெழுத்துக்கு அதனினும் கேடு. 'க்' என்பதைக் ககரமும் புள்ளியுமாக இரண்டென எண்ணுகிறது. கட்டளைக் கலித்துறை பாடும் புலவன், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என எழுத்தெண்ணிப் பாடும்போது ஒற்றை எண்ணுவதே இல்லை. நம் யாப்பு சுழியம் என்று தள்ளியதைப் பொறி இரண்டு என்கிறது!

இதனால் எண்ணிக்கை ஒரே அளவாகப் பெருகினாலும் தாழ்வில்லை. ஈரெழுத்துக்கு நான்கு வினாக்குறி என்று பழகிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. தேமாவின் இரண்டெழுத்து நான்காகிறது. புளிமாவின் மூன்று ஆறாகிறது. கூவிளத்தின் நான்கு ஏழாகிறது. கருவிளத்தின் ஐந்து எட்டாகிறது. பால் என்னும் ஈரெழுத்துச் சொல்லும் மரம் என்னும் மூவெழுத்துச் சொல்லும் பொறிக்கு நான்கே. நம்மூர்ப் பெயர் திருவண்ணாமலை. நமக்கு ஏழெழுத்து, அதற்குப் பன்னிரண்டு. ஆகலின், வினாக்குறிகளைக் கூட்டியும் குறைத்தும் ஈரெழுத்துச் சொற்களை மட்டும் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். இருபுறமும் நிற்கும் குறியை ஓரிடமாகவும் எழுதலாம். இடக்கொம்பு வேறு, வலக்கால் வேறு என ஈரிடமாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணிப்பொறிகளில் 2017 வரை இயல்பாக வழங்கிய கோப்புமுறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அத்தகைய பொறியிலிருந்து வந்த பெயர்களிடையே நம் 42 சொற்களைத் தேடினால், மோ, போ, நோ, கோ, சோ, நொ, வௌ ஆகிய ஏழும் மூன்று வினாக்குறி கேட்கும். ஒரே 'கோ' ஒரு பொறியில் இரண்டு, மற்றொன்றில் மூன்று. 'கோ' என்று நீங்கள் பொறித்து அழைத்தால், திரையில் 'கோ' என்றே தெரியும் கோப்பு, 'யான் அவனல்லேன்' என்று வாளா இருக்கும்.

பொறி எங்கும் பிழைபட்டது என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. உடுக்குறியை அடுத்து வெறும் புள்ளியை மட்டும் இட்டுப் பாருங்கள். மெய்யீற்றுச் சொற்கள் யாவும் ஒருங்கே வந்து நிற்கும். புள்ளி தனியிடமாக இருப்பதால் விளைந்த நன்மை இது. தொல்காப்பியர் மெய்யீற்றைப் புள்ளியிறுதி என்றுதான் வழங்கினார். உடுக்குறியும் புள்ளியும் சேர்ந்த அவ்வாய்பாட்டைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உகரக் குறியை அவ்வாறு இட்டுக் குற்றியலுகரச் சொற்களையும் திரட்டலாம். முற்றியலுகரமும் கலந்து வரும், அதை நாம்தான் களைய வேண்டும். தனியே இட்ட குறி திரையில் ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு தொங்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டா.

இப்போது பகர அடைப்புக்கு வருகிறேன். என் சொற்களை விழுங்கியது அதுவே.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 2944 முதல் 3071 வரை 128. ககரம் 2965-இல் இருக்கிறது. னகரம் எங்கே இருக்க வேண்டும்? பதினெட்டாவதாக, றகரத்துக்குப் பின். இருப்பதோ 2985-இல், நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்! 2986-இல்தான் பகரமே தொடங்குகிறது. க முதல் ன வரை என்று யான் சொன்னபோது பைத்தான் எடுத்தவை: க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன. மொத்தம் பத்து. அவற்றுள் தமிழ் மெய்கள் ஒன்பது. 2972-இல் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையே ஜகரம் குந்தியிருக்கிறது. விடுபட்டவை ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என ஒன்பது. சரிபாதி! மொழிமுதல் வாரா எழுத்துகள் போக, நான் இழந்தது ப, ம, ய, வ. தனித்தமிழ்ச் சொல்தொகுப்பில் ஜகர முதற்சொல் ஏதேனும் இருந்திருந்தால் அதைப் பொறி பேணிக் காத்திருக்கும். பரம்பையும் வரப்பையும் விட்டுவிட்டது. இதைவிடக் கடிய நகையாடல் வேண்டுமா?

இவ்வரிசை எங்கிருந்து வந்தது? 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கு இந்திய அரசு 1988-இல் வகுத்த குறியேற்றத்தை அடியொற்றினர். அக்குறியேற்றத்தின் அச்சு தேவநாகரி. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே சட்டம். நாகரியில் எந்த எழுத்து எங்கோ, அதற்கு நேரான தமிழெழுத்தும் அங்கே. க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் இன்றும் உள்ளன. வருக்க எழுத்துகளுக்கு விட்ட நாற்காலிகள் அவை. வடமொழிச் சட்டத்தில் இடமில்லாத நம் ன, ற, ழ மூன்றையும் என் செய்வது? ந-வின் அருகே ன, ர-வின் அருகே ற, ள-வின் அருகே ழ என ஒலி ஒப்புமை பார்த்துச் செருகிவிட்டனர். அகரமேறிய ககரத்தை முதலாக வைத்து, புள்ளி இட்டு அகரத்தை நீக்குவதும் நாகரி வழியே. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழித்து மெய்யைப் பெறுவது அதன் கணக்கு.

அயலாரை மட்டும் குறைகூறி யான் இறங்கிவிட்டால் அது நேர்மையாகாது. 2010-இல் கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் ஏற்றும் முன்மொழிவுகள் வந்தபோது, தமிழ் இடத்திற்குள் அவை நுழையலாகாது என்று நாம் எதிர்த்தோம். எதிர்த்தது சரியே, 2014-இல் கிரந்தம் தனித்தொகுதியாகவே ஏறியது. ஆயினும், அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே நம் னகரம் இடம்பெயர்ந்து கிடந்ததை நம் மேடைகளில் எத்தனை பேர் பேசினோம்? யான் பேசவில்லை. யான் அப்போது 'கம்ப்யூட்டர்' என்பதைக் கணினி என்பதா கணிப்பொறி என்பதா என்று வழக்காடிக்கொண்டிருந்தேன். பொறிக்குப் பெயர் சூட்டினோம். பொறிக்குள் நம் எழுத்து எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தவர்களும் உளர். ஓரெழுத்துக்கு ஓரிடம் என்னும் கொள்கையில், 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தந்த 16 நுண்மிக் குறியேற்றத்தை அறிஞர் சிலர் வகுத்தனர். 2010 சூன் 23-இல், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் மாற்றுத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதில் வினாக்குறி ஒன்று இட்டால் ஓரெழுத்து வரும். நாம் செய்த தேர்வில் 42-உம் வந்திருக்கும். ஆனால் உலக ஒருங்குறியில் அதற்கு இடம் கிட்டவில்லை. அவரவர் தம் விருப்பப்படி பயன்படுத்த விட்ட தனிப் பகுதியில் அது நிற்கிறது. கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் ஓடுவது ஒருங்குறியே. ஒருங்குறிச் சேர்த்தியமோ, ஒருமுறை இடமளித்த எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பதை உறுதியான நெறியாகக் கொண்டுள்ளது. ஆகவே னகரம் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. அகரவரிசைப்படி அடுக்குவதற்குத் தனி நெறியை அச்சேர்த்தியமே வகுத்திருக்கிறது. அந்நெறியைப் பின்பற்றும் மென்பொருள் சரியாகவே அடுக்கும். பைத்தானின் பகர அடைப்பு அந்நெறியைப் பார்ப்பதில்லை. இடவெண்ணை மட்டுமே பார்க்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனின் செய்யத்தக்கது யாது? பகர அடைப்புக்கு மருந்து எளிது. சிறுகோட்டை நம்பாதீர்கள். பதினெட்டையும் எழுதிவிடுங்கள்: [கஙசஞடணதநபமயரலவழளறன]*. அரை வரிதான். ஜகரமும் வாராது, பகரமும் விடுபடாது. உயிர்களுக்கு [அ-ஔ] பழுதில்லை. பன்னிரண்டும் நம் வரிசையிலேயே உள்ளன.

வினாக்குறிக்குச் சற்று உழைப்பு வேண்டும். வாய்பாட்டைப் பொறியிடம் கொடுக்குமுன், பெயரை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். அதற்கு 'ஓபன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுப்பு பைத்தானில் உண்டு. திருவண்ணாமலை என்று கொடுத்தால் தி, ரு, வ, ண், ணா, ம, லை என ஏழாகப் பிரித்துத் தரும். இதன் பின்னிருப்பவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலை, 2007-இல் தொடங்கி 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியையே ஆக்கியவர். அதில் அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி'. ஒரு பகுதியை முடிக்க 'முடி'. நிபந்தனையை முன்னே சொல்லி 'ஆனால்' என்பதைப் பின்னே வைக்கிறது; தமிழ்த்தொடர் அமையும் முறையும் அதுதானே! பிரித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்பாட்டோடு ஒப்பிடும் நிரலை என் மாணவன் இருபது வரியில் எழுதிவிட்டான். பிரிக்குமுன், பிளந்து நிற்கும் ஒகர ஓகாரக் குறிகளை ஒன்றாக்கிக்கொள்ளும் வரியொன்றையும் சேர்த்தான். அவ்வசதி பைத்தானிலேயே உண்டு. மீண்டும் அந்த 42 கோப்புகளைத் தேடினோம். ஒரு வினாக்குறிக்கு 42-உம் வந்தன. அவன் துள்ளவில்லை. "ஐயா, இந்த முறை எண்ணிவிட்டேன்" என்றான். யான் தலைகுனிந்தேன்.

இழந்த சொற்களிற் சில, பழைய தாட்சீட்டுகளிலிருந்து மீண்டன. கணிப்பொறியில் நேரே பொறித்தவை மீளவில்லை. செங்கத்தருகே ஏற்றக் கவலையின் உறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்காட்டிப் பெயர் சொன்ன முதியவர் இப்போது உயிருடன் இல்லை. அவர் சொன்னவற்றுள் ககர, தகரச் சொற்கள் என்னிடம் உள்ளன. வகர முதலாக அவர் சொன்னவற்றுள் ஒன்றுகூட என் நினைவில் முழுமையாக இல்லை.

இருபது வரி நிரலையும் அந்தப் பதினெட்டெழுத்து வாய்பாட்டையும் தாளில் அச்சிட்டுக் கொணர்ந்துள்ளோம். வேண்டுவோர் மாணவரிடம் பெற்றுக்கொள்க. வாயிலருகே மேசைமேல் நான்கு ஏடுகள் உள்ளன. ஒன்றில் ப, ஒன்றில் ம, ஒன்றில் ய, ஒன்றில் வ என்று எழுதியிருக்கும். வயலிலும் அடுக்களையிலும் பட்டறையிலும் உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் சொற்களை, ஊர்ப்பெயரோடு அவற்றில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். யகரத்துக்கு வைத்த ஏடு மெலிந்ததுதான். வகரத்துக்குத் தடித்த ஏடாகவே வாங்கி வந்திருக்கிறேன்.